ஐம்பதிலும் வளையும்

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (விலங்கியல்)

துணிவற்றவனை 'முதுகெலும்பு இல்லாதவன்' என்கிறோம். கடுமையாக உழைப்பவனை 'முதுகொடிய உழைக்கிறான்' என்கிறோம். நாள்தோறும் நம் பேச்சில் வந்துபோகும் இந்த முதுகெலும்பைப் பற்றி நாம் அறிந்திருப்பது எவ்வளவு? முதலாண்டில் ஆய்வுக்கூடத்தில் தவளையின் எலும்புக்கூட்டை வரைந்து, 'முள்ளெலும்புகள் 9, அதன் பின் யூரோஸ்டைல்' எனக் குறித்துப் பேராசிரியரிடம் கையொப்பம் பெற்றேன். அன்று அது எனக்கு மதிப்பெண்ணுக்குரிய செய்தி மட்டுமே. அது ஒரு குடும்பத்தின் சோற்றுக்குரிய செய்தியும் ஆகும் என்பதை அடுத்து வந்த கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டேன்.

என் தந்தையார் அரிசி மண்டியில் மூட்டை தூக்குபவர். வயது 52. ஒரு நாள் காலை, கீழே கிடந்த மூட்டையை வண்டியில் ஏற்றக் குனிந்தவர் நிமிர முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குறுக்கில் பிடித்த வலி இடக்காலில் இறங்கியது. ஸ்கேன் எடுத்தோம். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அகராதியைப் புரட்டி, "அப்பா, உங்க முதுகெலும்பு சிதைஞ்சு போச்சுன்னு எழுதியிருக்காங்க. டிஸ்க் பிதுங்கிருச்சாம்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இனிமே குனியவே கூடாதா தம்பி?" என்று கேட்டார். "கூடாது" என்றேன்.

முதலில் பார்த்த மருத்துவரும் ஒரு மாதம் அசையாமல் படுத்திருக்கச் சொல்லி, இடுப்பில் கட்ட ஒரு பெல்ட்டும் எழுதிக் கொடுத்தார். தந்தையார் 24 நாட்கள் படுத்தே கிடந்தார். அம்மா வயல் வேலைக்குப் போனார். எழுந்தபோது வலி குறையவில்லை. காலில் இருந்த வலுதான் குறைந்திருந்தது. நான் சொன்ன அந்தச் சொல் எவ்வளவு தவறானது என்பதைப் பின்னர் அறிந்தேன். அறிந்ததை என் போன்ற மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முப்பத்து மூன்று எலும்புகள்

மனிதனின் முதுகெலும்பு ஒரே எலும்பன்று; 33 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தொடர். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. இந்த 24-உம் அசையக் கூடியவை. இவற்றின் கீழ் 5 எலும்புகள் இணைந்து திரிக எலும்பாகவும், கடைசி 4 எலும்புகள் இணைந்து வால் எலும்பாகவும் அமைந்துள்ளன.

கழுத்தில் 7 என்ற எண்ணிக்கை வியப்புக்குரியது. வானளாவக் கழுத்து நீட்டும் ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். வளையில் வாழும் எலிக்கும் ஏழுதான். சோம்பல் கரடி அல்லாத, மரத்தில் தலைகீழாய்த் தொங்கும் ஸ்லாத் என்னும் விலங்கும், மானடி என்னும் நீர்வாழ் விலங்குமே இவ்விதிக்கு விலக்காக உள்ள பாலூட்டிகள்.

ஒவ்வொரு முள்ளெலும்பிலும் முன்புறம் கனத்த உருளை போன்ற உடல் உண்டு. எடையைத் தாங்குவது அது. பின்புறம் ஒரு வளையம் உண்டு. தண்டுவடத்தைக் காப்பது அது. முதுகைத் தடவினால் கையில் மணிமணியாகத் தட்டுப்படுபவை அவ்வளையத்தின் பின்முள்கள். மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு சேரச் சிறு மூட்டுகளும் உள்ளன. இடுப்பில் இம்மூட்டுகளின் முகம் குனிந்து நிமிர இடம் கொடுக்கும். அதிகம் திரும்ப இடம் கொடாது. உடலைத் திருப்பும் வேலையில் மார்புப் பகுதிக்கும் கழுத்துக்குமே பெரும்பங்கு. கழுத்தின் முதல் எலும்பின்மேல் தலை அமர்ந்து 'ஆம்' என்று ஆடுகிறது. இரண்டாம் எலும்பின் பல் போன்ற முளையைச் சுற்றி முதல் எலும்பு சுழல்வதால் 'இல்லை' என்று தலையசைக்கிறோம்.

வளைவுகள் குறையல்ல

நேராக நிமிர்ந்து நில் என்று சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஆனால் முதுகெலும்பு நேர்க்கோடு அன்று. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்து முன்னோக்கியும், மார்பு பின்னோக்கியும், இடுப்பு மீண்டும் முன்னோக்கியும், திரிகம் பின்னோக்கியும் வளைந்திருக்கும். தாயின் வயிற்றில் குழந்தை ஒரே வில்லாக வளைந்து கிடக்கிறது. பிறந்து மூன்று நான்கு மாதங்களில் தலை நிற்கும்போது கழுத்தின் வளைவு உருவாகிறது. உட்கார்ந்து, எழுந்து, தத்தித் தத்தி நடக்கும்போது இடுப்பின் வளைவு உருவாகிறது. ஆகவே இவ்விரு வளைவுகளும் நாம் நிமிர்ந்ததற்காகப் பெற்ற பரிசுகள் எனலாம். நடக்கும்போதும் குதிக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியை இவ்வளைவுகள் வில்லைப்போல வாங்கிக்கொள்கின்றன.

இடைத்தட்டு என்னும் மெத்தை

இனி, 'டிஸ்க்' என்று எல்லோரும் அச்சத்தோடு சொல்லும் இடைத்தட்டுக்கு வருவோம். இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே ஒரு தட்டு வீதம் 23 தட்டுகள் உள்ளன. முதுகெலும்பின் நீளத்தில் ஏறத்தாழக் கால் பங்கு இத்தட்டுகளே. தட்டின் வெளிப்பகுதி, வெங்காயத்தின் அடுக்குகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய உறுதியான நார்வளையம். நடுப்பகுதி நீர் மிகுந்த கூழ் போன்றது.

நாள் முழுதும் நின்று நடக்கும்போது எடையால் தட்டிலிருந்து நீர் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. இரவு படுத்திருக்கும்போது மீண்டும் ஊறுகிறது. இதனால் காலையில் நாம் மாலையைவிட ஏறத்தாழ 1 முதல் 2 சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம்! விடுதி நண்பர்கள் சுவரில் கோடு போட்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். காலையில் எழுந்தவுடன் தட்டுகள் நீர் நிறைந்து விறைப்பாக இருப்பதால், அந்நேரத்தில் உடனே குனிந்து பெரும் பளுவைத் தூக்காமல் சிறிது நடந்துவிட்டுத் தூக்குவது நல்லது.

வளர்ந்தவர்களின் தட்டின் உட்பகுதிக்கு இரத்தக்குழாய் கிடையாது. பிறகு உணவு எப்படிக் கிடைக்கிறது? மேலும் கீழும் உள்ள எலும்புகளின் இரத்தத்திலிருந்து ஊடுபரவல் மூலமாகவே சத்து வந்து சேர்கிறது. அழுத்தமும் தளர்வும் மாறிமாறி வருவது தட்டின் நலத்துக்கு உகந்தது. அசைவே தட்டுக்கு உயிர் என்பதை இங்கே நினைவிற்கொள்க.

'டிஸ்க் நகர்ந்துவிட்டது' என்பது தவறான பேச்சு. தட்டு மேலும் கீழும் எலும்போடு உறுதியாகப் பிணைக்கப்பட்டது; கேரம் காயைப் போல நழுவி ஓடாது. நார்வளையம் நலிந்த இடத்தில் தட்டு சற்றுப் புடைக்கலாம். சிலருக்கு வளையம் கிழிந்து நடுக்கூழ் வெளிவரலாம். அது அருகிலுள்ள நரம்பின் வேரைத் தொல்லை செய்தால் காலில் வலி இறங்கும். 1934-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிக்ஸ்டர், பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள் இதனை விளக்கி எழுதினர். வெளிவந்த இக்கூழ் பலருக்கு அறுவையின்றியே நாளடைவில் சுருங்கிவிடுகிறது என்பது பின்னர் அறியப்பட்ட உண்மை.

தண்டுவடமும் நரம்புகளும்

எலும்பு வளையங்கள் சேர்ந்து அமைத்த குழாயினுள் தண்டுவடம் இறங்குகிறது. ஆனால் அது முதுகெலும்பின் அடிவரை செல்வதில்லை. வளர்ந்தவர்களுக்கு முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவில் முடிந்துவிடுகிறது. அதன் கீழ் நரம்பு வேர்கள் குதிரை வாலின் மயிர்போலத் தொங்குகின்றன. இதற்குக் 'குதிரைவால்' என்றே பெயர். முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீர் எடுக்கும் மருத்துவர்கள் கீழ் இடுப்பைத் தேர்ந்தெடுப்பது, அங்கே தண்டுவடம் இல்லாததால்தான்.

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளம்புகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திரிகத்தில் 5, வாலில் 1. கீழ் இடுப்பு, திரிக வேர்கள் ஒன்றுகூடிச் சயாட்டிக் நரம்பாகிறது. உடலிலேயே தடித்த நரம்பு இதுவே. எந்த வேர் தொல்லைப்படுகிறது என்பதைக் காலே காட்டிக்கொடுக்கும். இடுப்பின் ஐந்தாம் வேர் நலிந்தால் கட்டை விரலை மேலே தூக்குவதும் குதிகாலில் நடப்பதும் கடினமாகும். திரிகத்தின் முதல் வேர் நலிந்தால் நுனிக்காலில் நிற்பது கடினமாகும்.

பாய்மரமும் கயிறுகளும்

எலும்புத் தொடர் தானாக நிற்காது. பாய்மரத்தை நாற்புறமும் கயிறுகள் இழுத்து நிறுத்துவதுபோலத் தசைகளே அதை நிறுத்துகின்றன. முதுகின் இருபுறமும் நீண்டு ஓடும் நிமிர்த்தும் தசைகள், எலும்புக்கு எலும்பு பற்றியிருக்கும் சிறு ஆழ்தசைகள், வயிற்றைச் சுற்றி அரைக்கச்சை போல் அமைந்த குறுக்குத் தசை, மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள் - இவை யாவும் கூட்டாகப் பணி செய்கின்றன. பிட்டத்தின் பெருந்தசையும் தொடைத் தசைகளும் இக்கூட்டத்தின் உறுப்பினர்களே. எந்தத் தசையும் உழைக்காவிட்டால் மெலியும். 24 நாட்கள் படுத்திருந்த என் தந்தையாரின் முதுகுக்கும் காலுக்கும் நேர்ந்தது இதுவே.

நிற்பதும் உட்காருவதும்

கொத்தனார் சுவரின் நேரைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதுபோல, இயன்முறை மருத்துவத்தில் உடலின் நேரையும் பார்ப்பர். பக்கவாட்டில் நின்றால் அந்த நூல் காது மடல், தோள், இடுப்பு மூட்டு இவற்றின் வழியே சென்று, முழங்கால் மூட்டின் நடுவுக்குச் சற்று முன்னும், கணுக்காலுக்குச் சற்று முன்னும் இறங்க வேண்டும். இந்நிலையில் நிற்பதற்குத் தசைகள் செலவிடும் ஆற்றல் மிகக் குறைவு.

தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது தோளுக்கு மேல் நின்றால் கழுத்துக்குச் சுமையில்லை. கைப்பேசியைப் பார்க்கத் தலை கவிழும்போது அதை இழுத்துப் பிடிக்கும் வேலை பிடரித் தசைகளுக்கு வந்து சேர்கிறது. தேர்வுக் காலத்தில் நமக்கு வரும் கழுத்துப் பிடிப்பின் காரணம் பாடநூலின் கடினம் மட்டுமன்று!

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். 'சரியான பாங்கு' ஒன்றே ஒன்று உண்டு, அதிலிருந்து தவறினால் முதுகு கெடும் என்று முன்பு உறுதியாகக் கூறி வந்தனர். அண்மைக்கால ஆய்வுகள் இதை ஒப்பவில்லை. கூன் போட்டு உட்காருபவர் எல்லோருக்கும் வலி வருவதில்லை. கம்பீரமாக நிமிர்ந்து உட்காருபவருக்கும் வருகிறது. எந்தப் பாங்கிலும் நெடுநேரம் அசையாதிருப்பதே தொல்லை. ஒரு வகுப்பு முடிந்து மறு வகுப்பு தொடங்குமுன் எழுந்து இரண்டு எட்டு நடப்பது, மூன்று மணி நேரம் விறைப்பாக நிமிர்ந்து உட்காருவதைவிட மேலானது.

சுமையின் கணக்கு

இயற்பியல் மாணவர்களுக்கு நெம்புகோல் தெரியும். முதுகெலும்பைத் தாங்குபுள்ளியாகக் கொள்வோம். அதற்கு முன்னே 40 சென்டிமீட்டர் தள்ளி 20 கிலோ சுமையைப் பிடித்திருக்கிறோம். நிமிர்த்தும் தசைகள் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் நின்று இழுக்கின்றன. 20-ஐ 40-ஆல் பெருக்கினால் 800. அதை 5-ஆல் வகுத்தால் 160. அதாவது 20 கிலோ சுமைக்குத் தசை 160 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும்! குனிந்த உடலின் எடை இதில் சேர்க்கப்படவில்லை. அதே சுமையை 25 சென்டிமீட்டர் தொலைவுக்கு இழுத்து அணைத்துக்கொண்டால் விசை 100 ஆகக் குறைகிறது. சுமையை உடலோடு அணைத்துத் தூக்கு என்பதன் பொருள் இதுவே.

சுவீடன் நாட்டு அறிஞர் நாக்கெம்சன் 1960-களில் இடைத்தட்டினுள் ஊசி செலுத்தி உள்ளழுத்தத்தை அளந்தார். 1999-இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரிடம் இதை மீண்டும் அளந்தனர். படுத்திருக்கையில் 0.1, நிற்கையில் 0.5, 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்குகையில் 2.3, முழங்காலை மடக்கித் தூக்குகையில் 1.7 மெகாபாஸ்கல் எனக் கண்டனர். ஒருவரிடம் எடுத்த அளவேயானாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவுகிறது.

எங்கள் ஊர் மண்டியில் நடப்பதையும் இக்கணக்கால் புரிந்துகொண்டேன். மூட்டையைத் தலையில் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டவர் நேராக நடக்கிறார். சுமை முதுகெலும்புக்கு நேர்மேலே நிற்பதால் நெம்புகோலின் தொலைவு ஏறத்தாழ இல்லை. இருவர் இருபுறமும் பிடித்துத் தூக்கிவிட, மூன்றாமவர் ஏற்றுக்கொள்வது நம் முன்னோர் கண்ட முறை. கூலி மிச்சம் என்று தனியாள் குனிந்து தூக்கும்போதுதான் கணக்கு பிசகுகிறது. தலைச்சுமையால் கழுத்துக்கு ஏற்படும் தேய்வு வேறு கதை. வளர்ந்த ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்பட்டால் அதைக் குறைக்க விரைந்து நடவடிக்கை எடுக்க வேண்டுமென்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. என் தந்தையார் விழுந்த நாளில் குனிந்து தூக்கியது 75 கிலோ மூட்டை; உடன் தூக்கிவிட ஆள் இல்லை.

அறிக்கையும் அச்சமும்

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன். 'டீஜெனரேஷன்' என்ற சொல்லை நான் 'சிதைவு' என்று பெயர்த்தேன். அது தலை நரைப்பதையும் தோல் சுருங்குவதையும் போன்ற மாற்றம். வலியே இல்லாத மக்களின் ஸ்கேன் படங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதன்படி, வலியில்லாத 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் இந்த 'டீஜெனரேஷன்' காணப்படுகிறது. தட்டுப் புடைப்போ 20 வயதினரிலேயே 30 விழுக்காடு. இவ்வகுப்பறையில் 40 பேர் இருந்தால், நோவு ஏதுமின்றிச் சிரித்துக்கொண்டிருக்கும் 12 பேரின் அறிக்கையில் அச்சொல் இருக்கக்கூடும்! ஆகவே படத்தை மட்டும் பார்த்து ஒருவனை நோயாளி என்று சொல்ல இயலாது. படமும் உடல் பரிசோதனையும் ஒத்துப்போக வேண்டும்.

குறுக்கு வலியில் பத்தில் ஒன்பது பங்கு இன்ன எலும்பில், இன்ன தட்டில் என்று சுட்டிக்காட்ட இயலாத பொது வலியே. 2020-ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் குறுக்கு வலியால் வருந்தினர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

படுக்கை மருந்தாகுமா?

வலி என்றால் படு என்பது பழைய வழக்கம். 1986-இல் அமெரிக்காவில் டேயோ குழுவினர், 2 நாள் படுக்கை போதுமென்று சொல்லப்பட்டவர்களையும் 7 நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களையும் ஒப்பிட்டனர். 2 நாள் கூட்டத்தார் வேலையை இழந்த நாட்கள் 45 விழுக்காடு குறைவு. குணமாவதில் வேறுபாடு இல்லை. 1995-இல் பின்லாந்தில் நடந்த ஆய்வில், படுத்தவர்களைவிட, வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்து வந்தவர்களே விரைவில் தேறினர். 2023 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு, நாட்பட்ட குறுக்கு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. நோயைப் பற்றிய அறிவூட்டலும் உடற்பயிற்சியும் அதில் பரிந்துரைக்கப்பட்டன. இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை போன்றவை வழக்கமாகத் தரத்தக்கவையல்ல எனப்பட்டன. என் தந்தையாரின் பெல்ட்டுக்கு நாங்கள் கொடுத்த விலை மூன்று நாள் கூலி.

பயிற்சி என்னும் மருந்து

பக்கத்து நகர அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு இறுதியில் தந்தையாரை அழைத்துச் சென்றோம். மருத்துவர் பரிசோதித்து முறையை வகுத்துத் தந்தார். நாள்தோறும் பயிற்சி கொடுத்தவர் அங்கு உதவியாளராக இருந்த ஓர் அக்கா. அவர் முதலில் தந்தையாரைக் குதிகாலில் நடக்கச் சொன்னார், பிறகு நுனிக்காலில். இரண்டும் செய்தார். "நரம்பு நல்லா வேலை செய்யுதுங்கய்யா. முதுகு உடையல, கோபிச்சுக்கிட்டு இருக்கு. அவ்வளவுதான்" என்றார் அக்கா. ஒரு மாதத்தில் தந்தையார் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அங்கே கற்றுத் தந்த பயிற்சிகளில் சில:

1. இடுப்புச் சாய்வு: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, குறுக்கை மெல்லத் தரையில் படியவைத்து விடுவது.

2. பாலம்: அதே நிலையில் இடுப்பை மேலே தூக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குவது. பிட்டத் தசைக்கு வலு தரும்.

3. குப்புறப் படுத்தல்: முதலில் வெறுமனே; பிறகு முழங்கையில் ஊன்றி; பிறகு கையை நீட்டி மார்பை மட்டும் உயர்த்துவது. நம் புஜங்காசனத்துக்கு இது நெருங்கிய உறவு.

4. நான்கு கால் நிலை: தவழும் நிலையில் ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டி நிறுத்துவது. முதுகு ஆடக்கூடாது.

5. நடை: முதல் வாரம் பத்து நிமிடம், காலையும் மாலையும். பிறகு வாரந்தோறும் சிறிது கூட்டுவது.

மூன்றாம் பயிற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. 1937-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம்ஸ் குனியும் பயிற்சிகளைப் பரப்பினார். பின்னோக்கி வளைவது தீது என்று அக்காலத்தில் பலர் கருதினர். 1956-இல் நியூசிலாந்தின் ராபின் மெக்கென்சியிடம் வந்த நோயாளி ஒருவர், தலைப்பகுதி உயர்த்தப்பட்டிருந்த மேசையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். சில நிமிடங்கள் கழித்து வந்து பார்த்த மெக்கென்சி பதறினார். நோயாளியோ கால்வலி போய்விட்டது என்றார்! காலில் இருந்த வலி மேலேறி முதுகின் நடுவில் குவிந்தால் அது நன்மைக்கு அறிகுறி. காலில் மேலும் கீழிறங்கினால் பயிற்சியை நிறுத்த வேண்டும் என்ற விதி இதிலிருந்து வளர்ந்தது.

இப்பயிற்சிகள் எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்தா. ஒருவருக்குக் குனிதல் சுகம் தரும், மற்றவருக்கு நிமிர்தல். எதை, எத்தனை முறை என்பதைப் பரிசோதித்தவரே சொல்ல வேண்டும். எந்த ஒரு பயிற்சியும் மற்றதைவிட மந்திரம்போல் உயர்ந்ததன்று. விடாமல் செய்யும் பயிற்சியே சிறந்த பயிற்சி.

உதவியாளரின் பணி

இயன்முறை மருத்துவ உதவியாளர் என்பது சில நாடுகளில் தனியே படித்துத் தேறும் தொழிலாக உள்ளது. 1967-இல் அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கம் இந்நிலையை ஏற்றது. 1969-இல் முதல் அணியினர் பயிற்சி முடித்தனர். அங்கே இரண்டாண்டுப் படிப்பு. நோயை முடிவு செய்வதும் முறை வகுப்பதும் மருத்துவரின் பொறுப்பு. அதைச் செய்விப்பதும், நோயாளியின் முகத்தைப் பார்த்தே வலியை அறிவதும், மாறுதலைக் குறித்து மருத்துவரிடம் சொல்வதும் உதவியாளரின் பொறுப்பு. உடற்கூறு தெரியாமல் இதைச் செய்ய இயலாது. படுக்கையிலிருந்து நோயாளியை நாற்காலிக்கு மாற்றும்போது நான் மேலே சொன்ன நெம்புகோல் கணக்கு அவர் முதுகையும் காக்கிறது.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடிச் சென்று இயன்முறை மருத்துவம் அளிப்பதும் சேர்க்கப்பட்டது. அறிவியல் படிக்கும் நம் தோழர்கள் இத்துறையையும் எண்ணிப் பார்க்கலாம்.

காத்திருக்கக் கூடாத வேளை

அசைவு நல்லது என்று சொன்ன நான், அசட்டை நல்லது என்று சொல்லவில்லை. குறுக்கு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமற் போதல் அல்லது சிறுநீர் கழிக்க இயலாமற் போதல், தொடைகளின் நடுவே மரத்துப்போதல், கால் நாளுக்கு நாள் வலுவிழத்தல் - இவை குதிரைவால் நரம்புகள் நெரிபடுவதன் அடையாளங்கள். அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், இரவிலும் ஓயாத வலி, விழுந்து அடிபட்ட பின் வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி ஆகியவற்றையும் உடனே காட்ட வேண்டும். காசநோய் நுரையீரலை மட்டுமின்றி முள்ளெலும்பையும் தாக்கும். 1779-இல் இங்கிலாந்தின் பெர்சிவல் பாட் விவரித்த இந்நோய் நம் நாட்டில் இன்றும் காணப்படுகிறது. மருந்தால் தீரக்கூடியது, காலம் தாழ்த்தினால் கூனும் கால் செயலிழப்பும் நேரும்.

முடிவாக

மூன்று மாதம் கழித்து என் தந்தையார் மண்டிக்குத் திரும்பினார். மழை நாட்களில் வலி எட்டிப் பார்க்கிறது. ஆனால் தனியாளாக மூட்டையைக் குனிந்து தூக்குவதில்லை. உடன் ஆள் வரும்வரை நிற்கிறார். அதற்காக முதலில் ஏச்சும் கேட்டார். இப்போது மற்றவர்களும் அவ்வாறே நிற்கிறார்கள். காலையில் கிழக்கு வெளுக்குமுன் வாய்க்கால் கரையில் அவரும் நானும் நடக்கிறோம். சென்ற வாரம் திண்ணையிலிருந்து விழுந்த சும்மாட்டுத் துணியைக் குனிந்து எடுத்தார். எடுத்த பிறகுதான், தாம் குனிந்ததையே உணர்ந்து என்னைப் பார்த்தார்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பார்கள். முறையறிந்து வளைத்தால் ஐம்பத்திரண்டிலும் வளைகிறது.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். மருத்துவச் சீட்டையும் ஸ்கேன் அறிக்கையையும் வீட்டார் நம் கையில்தான் கொடுப்பார்கள். நாம் சொல்லும் சொல்லை அப்படியே நம்புவார்கள். தெரியாத சொல்லுக்கு அகராதி மட்டும் போதாது. தெரிந்தவரைக் கேட்டுவிட்டுச் சொல்வோம்.